நாகப்பட்டினம்: நம் தாத்தா பாட்டி கப்பலேறிய துறைமுகத்துக்குப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குழுவாகப் போகிறவர்களின் பயணத் திட்டத்தைப் பாருங்கள். திருச்சியில் இறங்குவார்கள். ஸ்ரீரங்கம், தஞ்சைப் பெரிய கோயில், அப்புறம் ஒரே நாளில் வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு. மறுநாள் மதுரைக்குக் கிளம்பிவிடுவார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடுவில்தான் நாகப்பட்டினம் இருக்கிறது. பேருந்து அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது, ஆனால் யாரும் இறங்குவதில்லை.

பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. நம் குடும்பங்களில் பாதிப் பேர் இந்த மண்ணுக்கு வந்தது அந்தத் துறைமுகத்திலிருந்துதான். சேலத்துக்காரர், திருச்சிக்காரர், ஆற்காட்டுக்காரர் என்று சொந்த ஊர் எதுவானாலும், கடைசியாகக் கால் வைத்த இந்திய மண் பலருக்கும் நாகையாகத்தான் இருந்தது. அதற்கும் 900 ஆண்டுகளுக்கு முன்பே நாகைக்கும் கடாரத்துக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கடாரம் என்பது நம் பக்கத்து வீடான கெடாதான். ஆகவே நாகைக்கு மூன்று இரவுகளாவது ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். எப்படிப் போவது, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: டிக்கெட் எடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தாலும் போதும், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள். "தாத்தா, நமக்கு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டால் "தஞ்சாவூரு", "சேலம்" என்று ஜில்லாப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குலதெய்வம் எது? எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள்? கூட்டிவந்த கங்காணி எந்த ஊர்க்காரர்? பக்கத்தில் ஆறு எது, சந்தை எங்கே கூடும்?

இவற்றில் குலதெய்வம்தான் மிகப் பெரிய துப்பு. அய்யனார், மாரியம்மன் என்று பொதுப் பெயராகச் சொன்னால் விடாதீர்கள், அடைமொழியையும் கேட்டு வாங்குங்கள். அந்த முழுப் பெயரில் கோயில் இருக்கும் கிராமங்கள் சிலவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பழைய தகரப்பெட்டி. ஊரிலிருந்து வந்த கடிதங்களின் உறையில் அஞ்சல், வழி, தாலுகா எல்லாம் எழுதியிருக்கும். மணியார்டர் ரசீது, கப்பல் டிக்கெட், பழைய கடப்பிதழ், பிரஜா உரிமைப் பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை, தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) என்று எது கிடைத்தாலும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அன்றைய வெள்ளைக்காரக் கிளார்க்கு தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதைச் சத்தமாக நாலைந்து விதமாக உச்சரித்துப் பார்த்தால் நிஜப் பெயர் பிடிபடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தாத்தா சொன்ன ஜில்லா இன்று அந்தப் பெயரில் இல்லாமல் போயிருக்கலாம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997இல் திருவாரூர் பிரிந்தது, 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களாகிவிட்டது. "ஜில்லா தப்பு, அப்படி ஓர் ஊரே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தாலுகாவை வைத்துத் தேடுங்கள்.

இரண்டாம் படி: நாகைப் பயணத்தைப் பினாங்கிலேயே தொடங்குங்கள்

நாகைக்குப் போகும் முன் ஒரு வார இறுதியில் இங்கேயே சில இடங்களைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே பார்ப்பதெல்லாம் தெளிவாகப் புரியும்.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடியேற்றிய கொஞ்ச காலத்திலேயே, 1800களின் தொடக்கத்தில், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் எழுப்பியது. நாகூர் ஆண்டவரின் உடல் இங்கே இல்லை. கடல் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இருப்பதும் இதே மாதிரிதான். சூலியா தெரு வழியாக எத்தனையோ தடவை மோட்டாரில் போயிருப்பீர்கள். இந்தத் தடவை நின்று, உள்ளே போய்ப் பாருங்கள்.

அடுத்து ஜெரஜாக் தீவு. பட்டர்வொர்த் பக்கமிருந்து முதல் பாலத்தில் தீவை நோக்கி வரும்போது இடது கைப் பக்கம் காடாகத் தெரியுமே, அதுதான். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக முதலில் அங்கேதான் இறக்கி வைத்திருந்தார்கள். ஊருக்குள் வருவதற்கு முன் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் காத்துக்கிடந்த இடம் அது.

மூன்றாவது, நேரம் இருந்தால் கண்டிப்பாகப் போக வேண்டிய பூஜாங் பள்ளத்தாக்கு. கெடாவில் மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தை அங்கே சீரமைத்து வைத்திருக்கிறார்கள். தூண்கள் நின்ற கல் குழிகளை இன்றும் பார்க்கலாம். கடலில் வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே தெரியும் அடையாளம் ஜெராய் மலை. நாகையில் காற்றைப் பிடித்துக் கிளம்பிய மாலுமி வங்கக் கடலைக் கடந்ததும் தேடியது இந்த மலையைத்தான்.

மூன்றாம் படி: எப்போது போவது

தை, மாசி, பங்குனி. அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை. நான் சிபாரிசு செய்வது இந்த மூன்று மாதங்களைத்தான். ஆண்டிறுதி விடுமுறையில் போகத் திட்டமிடுகிறவர்கள் யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும், புயலும் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். ஏப்ரல், மே மாத வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கடுமையானது. தவிர, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் துறைமுகம் களையிழந்து கிடக்கும்.

திருவிழாவுக்காகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. நாகூர் கந்தூரி ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தில் வரும், ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். சிக்கலில் ஐப்பசி கந்த சஷ்டி. இந்த நாட்களில் தங்க அறை கிடைப்பது சிரமம். மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நான்காம் படி: போய்ச் சேர்வது

நாகையில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருச்சி, ஏறக்குறைய 140 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் உண்டு. பினாங்கிலிருந்து சென்னைக்கும் 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. விமான அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். இந்திய அரசின் இணையத்தளத்திலேயே இ-விசா எடுத்துவிடலாம். அதே மாதிரி தோற்றம் கொண்ட வேறு தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும், கவனம்.

திருச்சியிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் முடிந்தால் ரயிலில் போங்கள் என்பேன். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். இந்தத் தடத்தில் நாகைக்கும் தஞ்சைக்கும் இடையே 1861இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே தடம்தான். தஞ்சை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். கோயில் கோபுரம், வாய்க்கால், பனைமரம், மறுபடி வயல். இவ்வளவு விளையும் பூமியை விட்டு ஏன் கப்பலேறினார்கள் என்ற கேள்வி சன்னல் ஓரம் உட்கார்ந்தால் தானாகவே எழும்.

பதில் அந்த வயல்களின் சொந்தக்காரர் யார் என்பதில் இருக்கிறது. உழுதவர்களுக்கு நிலம் இல்லை. 1876-78 பெரும்பஞ்சம் போன்ற காலங்களில் முதலில் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். சாதிக் கொடுமையும் சேர்ந்து அழுத்தியது. இதைச் சொல்லாமல் நாகை வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: பார்ப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு

நாகையில் கண்ணுக்குத் தெரிவது குறைவு, மறைந்து போனதுதான் அதிகம். கதை தெரியாமல் போனால் சாதாரண மீன்பிடி ஊராகத்தான் தெரியும்.

சோழர் காலத்தில் கீழைக் கடலின் பெரிய வாசல் இது. சுமார் 1006இல், ராஜராஜ சோழன் காலத்தில், சுமாத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பனார் சூளாமணிவர்மனின் பெயரால் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சூடாமணி விகாரம் என்று நாம் சொல்வது அதைத்தான். சைவனான ராஜராஜன் அந்த விகாரத்துக்காக ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்தக் கொடையை ராஜேந்திரன் செப்பேடுகளில் பொறித்து வைத்தான். மொத்தம் 21 ஏடுகள், 5 வடமொழியில், 16 தமிழில், சோழ முத்திரை பதித்த பெரிய வளையத்தில் கோத்தவை. எடை 30 கிலோ அளவுக்கு வரும். டச்சுக்காரர் கைக்குப் போய் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வளவு நட்பாக இருந்த இரண்டு அரசுகள் 1025இல் மோதிக்கொண்டன. ராஜேந்திரன் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கினான். பிடிபட்ட அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையில்) வரும் ஊர்ப் பட்டியலில் இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் எல்லாம் உண்டு. "கடாரம் கொண்டான்" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வது இந்தப் படையெடுப்பை. கெடாவுக்குப் பக்கத்தில் வாழும் நாம் இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடிபட்டது இந்தக் கரையில் இருந்த ஊர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 1090இல் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்து அரசனின் தூதர்கள் மறுபடியும் வந்து, நாகை விகாரங்களுக்கு வரிச்சலுகை கேட்டு வாங்கிப் போனார்கள். இதுவும் செப்பேட்டில் இருக்கிறது. படை ஒரு தடவை போனது, வணிகம் தொடர்ந்து நடந்தது.

அப்புறம் ஐரோப்பியர் வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் குடியேறினார்கள். 1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், 1690இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த ஊருக்கு எதிரே கடலில் 1746, 1758, 1782 என மூன்று தடவை ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் சண்டை போட்டன.

நம் காலத்துக் கதை அதற்குப் பிறகு. 1830களிலேயே பினாங்கு, செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வரத் தொடங்கிவிட்டார்கள். ரப்பர் வந்ததும் எண்ணிக்கை பெருகியது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி முறை 1938இல் நின்றது. அதுவரைக்கும் ஆட்களைக் கப்பலேற்றும் முகாம்கள் நாகையிலும் சென்னையை ஒட்டிய ஆவடியிலும் இருந்தன. "ரஜூலா கப்பல்" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பயணிகள் பலர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையிலான பயணிகள் கப்பல் அதோடு முடிந்தது.

ஆறாம் படி: முதல் நாள், நாகை நகரம்

காலையில் துறைமுகத்துக்குப் போங்கள். கடுவையாறு கடலில் கலக்கும் இடம். பெரிய கப்பல்கள் கரை வரைக்கும் வர இங்கே ஆழம் போதாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களையும் சாமான்களையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கைக்குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணிக்குத் தாவிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. பனிக்கட்டிப் பெட்டிகள், வலை பின்னுகிறவர்கள், மீன் ஏலம் போடும் சத்தம். வேலை செய்கிறவர்கள் வழியில் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். 2023 அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகுச் சேவை தொடங்கினார்கள். அவ்வப்போது நின்று நின்று ஓடுகிறது.

துறைமுகத்தைத் தாண்டிக் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை மீனவர் குடியிருப்புகள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம், 6,000 பேருக்கு மேல். அதே அலை அன்று பினாங்கையும் அடித்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் நம் தீவைச் சேர்ந்தவர்கள். அங்குள்ள மீனவர்களிடம் பேச நேர்ந்தால் இதைச் சொல்லுங்கள். பினாங்கிலும் அலை வந்ததா என்று ஆச்சரியப்படுவார்கள், அப்புறம் அவர்களாகவே பேசத் தொடங்குவார்கள்.

பத்து மணிக்குள் காயாரோகணேசுவரர் கோயிலுக்கு வந்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அம்மன் நீலாயதாட்சி. காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி வரிசையில் வைத்துச் சொல்லப்படுகிறவள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், தியாகராசருக்கான ஏழு சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. நமக்கு முக்கியமானவை இதன் கல்வெட்டுகள். ராஜேந்திரன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசனின் அதிகாரிகள் இந்தச் சிவன் கோயிலுக்கு நகைகளும் சீனப் பொன்னும் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஊரில் புத்த விகாரம் கட்டிய அரசன் வீட்டிலிருந்து சிவனுக்கும் காணிக்கை போயிருக்கிறது.

அறுபத்துமூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இந்த ஊர் மீனவர். தினமும் பிடிக்கும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பட்டினி கிடந்த ஒரு நாளில் வலையில் ஒரே ஒரு பொன்மீன் மட்டும் விழுந்தபோதும் அதைக் கடலில் விட்டுவிட்டார் என்பது வரலாறு. ஆவணி மாதத்தில் இந்தக் கதையைக் கடலிலேயே நடத்திக்காட்டும் விழா நடக்கிறது. அந்தச் சமயத்தில் போக வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலத்துக்கு சௌந்தரராஜப் பெருமாள் கோயில். 108 திவ்யதேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. டச்சுக்காரர் கட்டிய புனித பேதுரு ஆலயமும் ஊரில் இருக்கிறது. அப்புறம் கடற்கரை, கலங்கரை விளக்கம்.

சூடாமணி விகாரம் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. அதன் எச்சமாகக் கருதப்பட்ட மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. மாலுமிகள் அதைச் சீனக் கோபுரம் என்பார்கள். இயேசு சபையினர் கேட்டுக்கொண்டதன் பேரில் அரசாங்கம் அனுமதி கொடுத்து, 1867இல் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் 1856இல் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது மண்ணுக்கடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அதிலிருந்து 1930கள் வரை நாகையில் கிடைத்த புத்தச் செப்புப் படிமங்கள் ஏறக்குறைய 350. இவ்வளவு பெரிய இழப்பை ஊரில் ஒரு நல்ல தகவல் பலகையாவது வைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஏழாம் படி: இரண்டாம் நாள், நாகூர்

நாகையிலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ கால் மணி நேரத்தில் நாகூர். முழுக் காலையையும் இதற்கே கொடுங்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, நாகூர் ஆண்டவர் என்று நாம் சொல்லும் ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது அடங்கியிருக்கும் தர்கா. வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவர். தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்தார், ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலைத் தன் கைக்கண்ணாடியை எறிந்து காப்பாற்றினார் என்றெல்லாம் கதைகள் உண்டு. கடலோடிகளுக்கு அவர் மேல் இவ்வளவு பக்தி வர இந்தக் கப்பல் கதைதான் காரணம். அந்தப் பக்திதான் சூலியா தெரு வரைக்கும் வந்தது.

ஐந்து மினாராக்களில் மிக உயரமானதை, 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். வாசலில் தகட்டில் செய்த காணிக்கை உருவங்கள் விற்பார்கள். கை, கால், கண், வீடு, தொட்டில், கப்பல். தொட்டில் தகட்டை ஒரு பெண் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அவள் நெற்றியில் குங்குமம் இருக்கும், தலையில் முந்தானை போட்டிருப்பாள். நீங்களும் தலையை மூடிக்கொள்ளுங்கள், ஆண்களும்தான். பணம் கேட்டுச் சூழ்ந்துகொள்கிறவர்கள் உண்டு. கோபப்பட வேண்டாம், கொடுக்க விரும்பினால் உண்டியலில் போட்டுவிட்டு நகருங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நாகூரை விட்டால் ஆளில்லை. பரோட்டா, தம்ரூட் என்ற ரவை இனிப்பு, இறால் வைத்துச் சுட்ட வாடா. வாடாவை மட்டும் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். மொறுமொறுவென்ற மேல் ஓடு, உள்ளே மெத்தென்ற மாவும் வெங்காயமும், மேலே முழு இறால். நம் ஊர் பாசம்பூர் என்ற காய்கறிக் கலவையில் வெட்டிப் போடும் இறால் வடையைத் தின்று பழகிய வாய்க்கு முதல் கடியிலேயே சொந்தம் புரிந்துவிடும்.

எட்டாம் படி: மூன்றாம் நாள், சிக்கலும் வேளாங்கண்ணியும்

நாகையிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் சிக்கல். சிங்காரவேலர் தாயிடம் வேல் வாங்கிய இடம். அந்த வேலால்தான் திருச்செந்தூரில் சூரனை வதைத்தார் என்பது ஐதீகம். வேல் வாங்கும் நாளில் முருகன் முகத்தில் வியர்வை துளிர்க்கும் என்று கூட்டம் கூடும். பினாங்கில் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கும் குடும்பங்கள் இங்கே ஒரு தடவை போய் நிற்க வேண்டும்.

வேளாங்கண்ணியைப் பற்றி நான் நிறையச் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் போகிறார்கள். நாகைக்குத் தெற்கே 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஒரே ஒரு யோசனை: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில், அதிகாலைப் பூசைக்குப் போனால் அமைதியாக நின்று வேண்டிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: நாலாவது நாள் கிடைத்தால்

வடக்கே போனால் தரங்கம்பாடி. காரைக்காலைத் தாண்டி, காரில் ஒரு மணி நேரம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்குக்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் 1718இல் முடிந்தது. மலேசியாவிலுள்ள தமிழ் லுத்தரன் குடும்பங்கள் கட்டாயம் போக வேண்டிய இடம். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

தெற்கே போனால் வேதாரண்யம், 1930இல் ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திய ஊர். அதற்கும் அப்பால் கோடியக்கரை, குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் சரணாலயம்.

இரண்டுக்கும் நேரம் இல்லை என்றால் நான் அனுப்புவது கீழ்வெண்மணிக்குத்தான். கீழ்வேளூர் வட்டாரத்தில் உள்ள சின்ன ஊர். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துவிட்டார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அந்த வயல்களில் நிலைமை இதுதான். ரயில் சன்னலோரம் எழுந்த கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெரிய பிள்ளைகளாக இருந்தால்.

பத்தாம் படி: சொந்த ஊரைத் தேடிப் போவதானால்

நாகையை முடித்துக்கொண்டு கிராமத்துக்குப் போகிறவர்கள் முதலில் அந்தத் தாலுகா தலைநகருக்குப் போய், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் பழைய கடித உறையின் படமும் குலதெய்வத்தின் முழுப் பெயரும் அப்போது கைகொடுக்கும். ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து, வயதான ஐயா யாராவது இருந்தால் "மலேசியாவிலிருந்து வர்றோம், எங்க தாத்தா இந்த ஊருதானாம்" என்று தொடங்குங்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று சிலர் மிரளுவார்கள். சொத்துக்காக வரவில்லை, சாமி கும்பிட வந்தோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணம் கையில் ரொக்கமாகவும் இருக்கட்டும். அங்கே சின்னக் கடையிலும் கைப்பேசியில்தான் காசு கட்டுகிறார்கள். நம் அட்டை எல்லா இடத்திலும் செல்லாது. மலேசிய வெள்ளியை (ரிங்கிட்டை) திருச்சியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சென்னை வழியாக வந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நாகையில் கிடைத்த புத்தர் படிமங்களில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது அங்கேதான். செப்புப் படிமக் கூடத்தில் நடராசரைப் பார்த்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நாகைப் புத்தர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் தீச்சுடர் போல் எழும் முடி, வலது கை அபயம் காட்டும். கையடக்கமானவையும் அவற்றில் உண்டு. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் விமானம் வெள்ளி இரவு என்றால் வியாழக்கிழமையே போய்விடுங்கள்.